நம்மவர் என்றால் விசாரிக்க மாட்டோமா?

கடன் கொடுக்கும் விஷயத்தில் மளிகை வியாபாரி எவரும் ஏமாளி அல்ல. புதியவர் ஒருவர் பத்தாயிரம் ரூபாய்ச் சரக்கைக் கடனுக்குக் கேட்டால், எந்த ஊர், ஏற்கெனவே யாரிடம் பற்று வைத்திருக்கிறார் என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகே மூட்டையை அனுப்புவார். அதே வியாபாரி, தம் சமூகத்தார் ஒருவர் 'நூற்றுக்கு மூன்று வட்டி' என்றதும் ஐந்து லட்சத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

சமூக நம்பிக்கை தவறானதல்ல. மொத்த வியாபாரம் பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான் நடக்கிறது. ஆனால் அங்கே கண்ணுக்குத் தெரியும் சாட்சிகள் உண்டு. கடையில் சரக்கு இருக்கிறது, கூட்டம் வருகிறது. ஒரு தவணை தவறினால் ஒரே வாரத்தில் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிடும். முதலீட்டுத் திட்டத்திலோ, 'மைத்துனருக்கு வட்டி ஒழுங்காக வருகிறது' என்பது ஒன்றே சாட்சி. மோசடித் திட்டங்களில் அந்த வட்டி, அடுத்துச் சேர்ந்தவரின் முதலிலிருந்து கொடுக்கப்படுவது.

1920-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்ற இத்தாலியர், 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகப் பணம் திரட்டினார். வெளிநாடுகளில் மலிவாகக் கிடைக்கும் அஞ்சல் கூப்பன்களை வாங்கி அமெரிக்காவில் தபால்தலையாக மாற்றுவதே தொழில் என்றார். நம்பியவர்களில் பலர் அவரைப் போலவே பிழைக்க வந்த இத்தாலியர்கள். அவர் வாங்கிய பணத்துக்கு ஈடான கூப்பன்கள் உலகத்திலேயே புழக்கத்தில் இல்லை. சரக்கு எங்கே என்று கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும்.

பேராசைதான் காரணம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2008 டிசம்பரில் கைதான நியூயார்க்கின் பெர்னார்ட் மேடாஃப் காட்டிய லாபம் ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டியதே. யூதரான அவரிடம் யூத அறக்கட்டளைகளும் யெஷிவா பல்கலைக்கழகமும் பணம் போட்டிருந்தன. கேட்டவரையெல்லாம் அவர் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. இடம் கிடைத்ததையே பலர் பெருமையாக நினைத்தனர். அவர் கணக்கில் நஷ்ட மாதம் அநேகமாகக் கிடையாது. துவரம் பருப்பு விலை ஏறி இறங்குவதை அன்றாடம் பார்க்கும் நமக்கு உறுத்த வேண்டிய இடம் அதுதான். காகிதத்தில் காட்டிய தொகை சுமார் 6,500 கோடி டாலர். 2009-ல் 150 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இடையில் நின்று ஆள் சேர்ப்பவர் பல நேரங்களில் ஏமாற்றுக்காரர் அல்ல. தம் மகளின் கல்யாணப் பணத்தையும் அதிலேயே போட்டிருப்பார். அவர் முகத்தில் பொய் தெரியாததற்குக் காரணம், அவர் பொய் சொல்லவில்லை என்பதே. அவரிடம் பத்திரம் கேட்பது உறவையே சந்தேகிப்பதாகத் தோன்றுகிறது, கேட்காமல் விடுகிறோம்.

சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று சீட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அதற்கு யாருடைய மனமும் நோக வேண்டியதில்லை. பணம் சிக்கிவிட்டால், தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தால், நிறுவனத்தின் சொத்தை முடக்கவும் அதில் வழி உண்டு. நம்மவர்கள் அங்கே போகத் தயங்குகிறார்கள். 'பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்ளலாம், வெளியே தெரிந்தால் நமக்குத்தான் அவமானம்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அந்த மாதங்களில்தான் சொத்துகள் கை மாறுகின்றன.