நுண்ணலைப் பேராசிரியரும் ஆய்வுமேசையும்

நுண்ணலைச் சுற்றுகளைக் கற்பிக்கும் பேராசிரியரின் பணிவாழ்க்கை, சாதாரண மின்சுற்று விதிகள் எந்த இடத்தில் கைவிடுகின்றனவோ அந்த இடத்தில் தொடங்குகிறது. நுண்ணலைகள் என்பவை 300 மெகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட மின்காந்த அலைகள். 10 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் காற்றில் 3 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுவதால், ஒரு சென்டிமீட்டர் கம்பியின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் இணைப்புக் கம்பியின் மின்தூண்டல் ஏறத்தாழ ஒரு நானோஹென்றிதான் என்றாலும், அது இந்த அதிர்வெண்ணில் 63 ஓம் அளவுக்கு மின்னோட்டத்தை மறிக்கிறது; இத்துறையின் கருவிகள் பொதுவாக 50 ஓமுக்கு அமைக்கப்படுவதால், அற்பமான அந்தக் கம்பியே சுற்றின் நடத்தையை மாற்றிவிடப் போதுமானது.

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் இப்பாடத்தை வளர்த்த மூத்த தலைமுறை, இந்த உண்மையை ஆய்வுமேசையில் கற்றது. மின்னணுக் கற்றையிலிருந்து நுண்ணலையைப் பிறப்பிக்கும் கிளைஸ்ட்ரான் என்ற வெற்றிடக் குழலும், 22.86 மில்லிமீட்டர் அகலமும் 10.16 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட செவ்வக உட்குழிவுள்ள அலைவழி என்ற உலோகக் குழாயும் அந்த மேசையில் இருந்தன. குழாயின் நீளவாக்குப் பிளவில் ஆய்வுமுனையை மெல்ல நகர்த்தி, நேரலையும் எதிரொளித்த அலையும் கூடிப் பிறக்கும் நிலையலையின் தாழ்வுகளைக் குறித்து, அவற்றின் இடைவெளியிலிருந்து அலைநீளத்தைக் கணக்கிட்டு, 1939இல் வெளியான ஸ்மித் வரைபடத்தில் கவராயத்தால் மின்மறுப்பைக் கண்டறிந்தவர்கள் அவர்கள். தரைத்தகட்டின் மேல் மின்காப்புப் பலகையும் அதன்மேல் செப்புப் பட்டையும் அமைந்த மைக்ரோஸ்டிரிப் சுற்றுகளுக்கு மாறிய பின்னரும், செம்பை அரித்துப் பலகை செய்வதும் அளப்பதும் அவர்கள் பணியில் நீடித்தன.

அந்தக் கைப்பழக்கம் மறைந்துவருவதே கவலைக்குரியது. ஆய்வேடுகள் பல, சுற்றின் நடத்தையைக் கணினியில் பாவனை செய்து வரைந்த கோட்டோடு முடிந்துவிடுகின்றன. கருவி வாங்க இயலாத கல்லூரிக்கும் கணினிப் பாவனை கதவைத் திறக்கிறது என்பது உண்மையே. ஆயினும் பற்றுவைப்பில் மிஞ்சிய ஈயத்துளியையும், தளர்ந்த இணைப்பியையும், பலகைக்குப் பலகை மாறும் மின்காப்பு மாறிலியையும் சொல்லிக் கொடுக்காதவரை மென்பொருள் அறியாது. திறந்த முனை, குறுக்கிணைத்த முனை, 50 ஓம் சுமை, நேரிணைப்பு ஆகிய நான்கையும் வரிசையாகப் பொருத்தி அளவீட்டுக் கருவியைச் சீர்செய்யப் பழகாத மாணவருக்கு, பிழை சுற்றில் உள்ளதா அளவீட்டில் உள்ளதா என்று பிரித்தறியவும் வழியில்லை.

26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஐந்தாம் தலைமுறைத் தொலைத்தொடர்புக்கும், 77 கிகாஹெர்ட்ஸ் கார் ரேடாருக்கும் வந்துவிட்ட காலத்தில், அலைநீளம் குறையக் குறைய அரை மில்லிமீட்டர் தவறும் பெரிதாகிறது. ஆகவே ஒவ்வோர் ஆய்வேட்டிலும் கணக்கிட்ட கோட்டின் அருகே அளந்த கோடும் இடம்பெற வேண்டும். இரண்டும் எந்த இடத்தில், எதனால் விலகின என்று மூத்த பேராசிரியர் பணியிலிருக்கும்போதே மாணவர் அவர் முன்னிலையில் விளக்கப் பழக வேண்டும். பாடநூல்கள் நூலகத்தில் காத்திருக்கும். அந்த விளக்கத்தைத் திருத்தித்தரும் அனுபவம் அவருடனேயே ஓய்வுபெற்றுவிடும்.