உடைந்த நிறமூர்த்தமும் காவல் நிற்கும் நொதியமும்

மாரிகாலத்தில் குளக்கட்டிலே உடைப்பு ஏற்பட்டால், அதனை முதலிற் காண்பவன் ஊராரைக் கூவி அழைக்கின்றான். அவர்கள் மண்வெட்டியுடன் ஓடிவந்து அடைக்கின்றனர். கூவுவதற்கு ஆளில்லையேல் ஊரின் கதி என்ன? நம் உடலின் ஒவ்வொரு கலத்திலும் இத்தகைய காவலாளி ஒருவன் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

கலத்தின் கருவினுள்ளே நிறமூர்த்தங்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு செல்பவை இவையே. எக்ஸ் கதிர் பாயும்போது இவ்விழைகள் அறுபடுகின்றன. கதிரை அளக்கும் அலகு 'கிரே' எனப்படும். ஒரு கிரே கதிர் பட்டால், ஒரு கலத்தில் ஏறக்குறைய 40 இடங்களில் இழையின் இரு புரிகளும் அறுந்துபோகும். ஆயினும் நலமுள்ள கலம் அவற்றுட் பெரும்பாலானவற்றைச் சில மணி நேரத்திற் பொருத்திவிடுகின்றது. இத்திருப்பணியைச் செய்வன நொதியங்களே.

இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியவர்கள் நோயுற்ற குழந்தைகள் சிலர். 'அற்றாக்சியா டெலாஞ்சியெக்டேசியா' என்பது பிறவியில் வரும் அரிய நோய். குழந்தை நடைபழகும் பருவத்திலேயே கால்கள் தள்ளாடும். நாளடைவில் கண்ணின் வெண்பகுதியில் இரத்த நாளங்கள் சிவந்து தோன்றும். இவர்களுட் சிலரைப் புற்றுநோயும் பற்றுகின்றது. அத்தகைய பிள்ளைக்கு வழக்கமான அளவிற் கதிர்ச் சிகிச்சை அளித்தபோது, மருந்தே நஞ்சாயிற்று! இக்கொடிய விளைவு 1967இல் மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. இந்நோயாளரின் கலங்கள் கதிருக்கு எளிதில் மடிகின்றன என்பதை 1975இல் பேர்மிங்காம் ஆராய்ச்சியாளர் காட்டினர். 1995இல் தெல் அவீவ் பல்கலைக்கழகத்து யோசெப் ஷைலோ குழுவினர், 11ஆம் நிறமூர்த்தத்தில் இதற்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டுபிடித்தனர்.

அப்பரம்பரையலகு ஆக்குவதே 'ஏ.டி.எம்.' என்னும் நொதியம். அது தானே இழையைப் பொருத்துவதில்லை. உடைப்பு நேர்ந்ததும் ஏனைய புரதங்களைத் தட்டியெழுப்புகின்றது. பழுது நீங்கும்வரை கலம் பிரியாமற் தடுக்கின்றது. அது இல்லாத கலமோ உடைந்த நிறமூர்த்தங்களுடனேயே பிரிகின்றது. அறுந்த முனைகள் பொருந்தா இடங்களில் ஒட்டிக்கொள்கின்றன. இந்நொதியம் சிறிதளவேனும் எஞ்சியிருப்போரிடம் நோயின் கடுமை பெரும்பாலும் குறைந்து காணப்படுகின்றது.

ஆகவே, இந்நோயுள்ள பிள்ளைக்குப் புற்றுநோய் வந்தால், இன்றைய வைத்தியர்கள் கதிர்ச் சிகிச்சையை இயன்றவரை தவிர்க்கின்றனர். கதிரின் வன்மையை மாத்திரம் அளந்தாற் போதாது. அதனைத் தாங்கும் கலத்தின் வன்மையையும் அறிதல் வேண்டும். இப்பாடத்தைத் தம் துன்பத்தாற் கற்பித்த அச்சிறார்களுக்கு நாம் என்றும் கடமைப்பட்டுள்ளோம்.