முதுமைக்கும் முன்பணம் கேட்கும் நகரம்: தலித் முதியோரின் பராமரிப்பு யார் பொறுப்பு?

2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். அந்த விகிதம் அதன்பின் உயர்ந்துகொண்டே வருகிறது. கும்பகோணம், கடலூர், காரைக்குடி போன்று அண்மையில் மாநகராட்சியாக உயர்ந்த ஊர்களிலும் முதியோர் பராமரிப்பு ஒரு தொழிலாக வளர்வதற்கு இதுவே காரணம். கட்டணம் செலுத்தித் தங்கும் இல்லங்கள், வீட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர்கள், இயன்முறை மருத்துவர்கள் எனச் சேவைகள் பெருகுகின்றன. அந்த நகரங்களின் தெருக்களைக் கூட்டியும் சாக்கடைகளைத் தூர்த்தும் முதுமை அடைந்தவர்களுக்கு இவற்றில் எது எட்டும் என்பதே நம் கேள்வி.

செலவின் கணக்கு

கட்டண இல்லங்கள் பொதுவாக மூன்று வகையில் பணம் கேட்கின்றன: சேரும்போது முன்பணம், மாதக் கட்டணம், மருந்து மற்றும் தனி உதவியாளருக்கான கூடுதல் செலவு. வீடோ நிலமோ விற்ற பணம், அரசு ஓய்வூதியம், வெளிநாட்டில் வேலைபார்க்கும் பிள்ளைகள் ஆகிய மூன்றில் ஒன்றாவது உள்ளவரை மனத்தில் கொண்டே இந்தக் கட்டணம் வகுக்கப்படுகிறது.

வீட்டிலேயே இருப்பதும் மலிவானதன்று. படுக்கையில் விழுந்தவருக்கு நாளொன்றுக்கு மூன்று டயப்பர்கள் தேவை என்றும், ஒன்றின் விலை 30 ரூபாய் என்றும் கொள்வோம். மாதம் 2,700 ரூபாய். பகலில் மட்டும் உடனிருக்கும் உதவியாளருக்கு நாளுக்கு 600 ரூபாய் என்றால் மாதம் 18,000 ரூபாய்.

இதற்கு எதிரே நிற்பது முதியோர் உதவித்தொகை. 1962இல் 20 ரூபாயாகத் தமிழ்நாட்டில் தொடங்கிய இத்தொகை, 2011இல் 1,000 ரூபாயாகவும் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. ஒன்றிய அரசின் பங்கோ 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு 2007 முதல் 200 ரூபாயிலேயே நிற்கிறது. 80 வயதைக் கடந்தவர்களுக்கு 500 ரூபாய். 1,200 ரூபாய் என்பது நாளுக்கு 40 ரூபாய். மேற்சொன்ன டயப்பர் செலவில் பாதியைக்கூட அது ஈடுசெய்யாது. உதவியாளரின் ஒரு மாத ஊதியமோ பதினைந்து மாத உதவித்தொகைக்குச் சமம்.

உழைப்பு இருந்தது, ஓய்வூதியம் இல்லை

நிரந்தரப் பணியில் இருந்த பழைய தலைமுறைத் தூய்மைப் பணியாளருக்கு ஓய்வூதியம் இருந்தது. 2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்த அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாட்டில் பங்களிப்புத் திட்டம் வந்தது. அதே காலத்தில் குப்பை அள்ளும் பணி படிப்படியாக ஒப்பந்ததாரர்களின் கைக்குச் சென்றது. வருங்கால வைப்பு நிதி வழியே ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி கணக்கில் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறுந்தோறும் புதிய கணக்கு தொடங்கப்பட்டு, பழையது இணைக்கப்படாமல் விடப்பட்டால், இருபதாண்டு உழைத்தவரும் ஏட்டில் சில ஆண்டுகளே உழைத்தவராகிறார். அதைத் தாண்டி வந்தவருக்கும் 2014 முதல் உறுதிசெய்யப்பட்ட குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய்தான்.

நிலமும் துணை நிற்பதில்லை. நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் பயிரிடும் நிலப்பரப்போ 9 விழுக்காட்டை ஒட்டியது. முதுமையில் விற்பதற்கும் அடகு வைப்பதற்கும் எதுவும் இல்லாத நிலை பல தலைமுறைகளாகக் கட்டப்பட்டது.

சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற இது வழிசெய்கிறது. பராமரிப்போம் என்ற நிபந்தனையின்பேரில் எழுதிக்கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் 23ஆம் பிரிவின்கீழ் மீட்கலாம். சொத்துள்ள பெற்றோருக்கும் வருவாயுள்ள பிள்ளைகளுக்கும் இவை பயன்படும். தாயும் கூலி, மகனும் கூலி என்ற குடும்பத்தில் தீர்ப்பாயம் யாரிடமிருந்து எதைப் பெற்றுத் தரும்?

அத்தகையோருக்கான பிரிவு 19ஆவது. வறிய முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றேனும் தொடங்கி, படிப்படியாக அமைக்கலாம் என்கிறது அது. ‘அமைக்க வேண்டும்’ என்று சொல்லாமல் ‘அமைக்கலாம்’ என்று எழுதியதில்தான் வறிய முதியோரின் உரிமை அரசின் விருப்பமாகச் சுருங்கிப்போனது.

வயது வரம்பிலும் சாதி உண்டு

70 வயதைக் கடந்த அனைவருக்கும் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீட்டை 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு விரிவாக்கியது. ஆனால் எல்லாச் சாதியினரும் அந்த வயதை ஒரே அளவில் எட்டுவதில்லை. ஒன்பது மாநிலங்களில் 2 கோடிப் பேரின் தரவை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு உயர்சாதி இந்துக்களைவிட மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறைவு என்று கண்டது. இந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவான பகுதியையே பொருளாதார நிலை விளக்கியது. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. எனினும் வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் திட்டம் நடுநிலையானது என்ற எண்ணத்தை இந்த ஆய்வு கேள்விக்குள்ளாக்குகிறது. மேலும் காப்பீடு மருத்துவமனைச் சிகிச்சைக்கு உரியது. வீடு திரும்பியபின் தூக்கி உட்காரவைக்கவும் குளிப்பாட்டவும் அதில் பணம் இல்லை.

அந்த வேலையைச் செய்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். மலம் அள்ளுவதும் புண் துடைப்பதும் நெடுங்காலமாகச் சாதியோடு பிணைக்கப்பட்ட வேலைகள். இன்று ஆயா, துப்புரவாளர் என்ற பெயர்களில் அவற்றைச் செய்பவர்களில் தலித் பெண்கள் ஏராளம். பிறர் வீட்டு முதியவரைப் பன்னிரண்டு மணிநேரம் பார்த்துவிட்டுத் திரும்பும் அவர் வீட்டில், அவருடைய தாய் தனியே கிடக்கிறார்.

இன்று கிடைப்பதும் கோர வேண்டியதும்

இருப்பவற்றைக் கேட்டுப் பெறுவது முதற்படி. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியே மருந்து, இயன்முறைச் சிகிச்சை, நோய்த்தணிப்புப் பராமரிப்பு ஆகியவற்றை வீட்டிலேயே பெறலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் மூத்த குடிமக்களின் வீட்டுக்கே ரேஷன் பொருள்களைக் கொண்டுவருகிறது. முதியோர் உதவி எண் 14567. குறைந்தது ஐந்தாண்டு ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் அவருக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதி தொடரும். இதைத் தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் சொல்ல வேண்டும்.

அடுத்த படி அரசியல் கோரிக்கை. உதவித்தொகையை விலைவாசியோடு இணைக்க வேண்டும். 19ஆம் பிரிவு கட்டாயமாக்கப்பட வேண்டும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட அன்புச் சோலை போன்ற பகல்நேர மையங்கள் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளிலும் சேரிகளிலும் அமைய வேண்டும். ஒப்பந்ததாரர் எவராயினும் பணிக்காலம் முழுவதையும் ஒரே கணக்கில் சேர்க்கும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரான மாநகராட்சியைச் சார வேண்டும். அந்த நகரத்தை நாற்பதாண்டுகள் சுமந்தவரின் முதுமையைச் சுமக்கும் கடமை நகரத்துக்கு உண்டு.