சஃபாரி லாட்ஜ் இல்லாத காடு: ஸ்ரீவில்லிபுத்தூர் புலிகள் காப்பகத்துக்குப் போக எப்படித் திட்டமிடுவது?

இன்ஸ்டாகிராமில் ஆப்பிரிக்க சஃபாரி ரீல்ஸ் பார்க்காதவர்கள் குறைவு. திறந்த ஜீப், பக்கத்தில் சிங்கம், காட்டுக்கு நடுவில் கூடாரம் போட்ட லாட்ஜ். 'ஒருநாள் போகணும்' என்று சேவ் பண்ணி வைத்திருப்போம். சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால், மறுநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ இறங்கலாம். அங்கே ஸ்டேஷனிலிருந்து பார்த்தாலே தெரியும் மலையில் யானை, புலி, சிறுத்தை, வரையாடு எல்லாம் இருக்கின்றன.

ஆனால், இந்தக் காட்டுக்குப் போவதை வீக்எண்ட் அவுட்டிங் மாதிரி நினைத்துக் கிளம்புவதுதான் சிக்கல். ஆப்பிரிக்காவில் லாட்ஜ்காரர் பார்த்துக்கொள்ளும் வேலைகளை இங்கே நாம்தான் பார்க்கணும். அவை என்னென்ன?

முதலில், இது என்ன காடு?

நரை அணிலைப் பாதுகாக்க 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இதையும் தேனி மாவட்டத்தின் மேகமலை சரணாலயத்தையும் சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டின் 5ஆவது, இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகம் இது. பரப்பளவு 1,016 சதுர கி.மீ. மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் ஒட்டியிருக்கிறது. வைகை பிறக்கும் வருசநாட்டு மலைகளும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

செரெங்கெட்டி மாதிரி விலங்குகளைப் பார்க்க முடியுமா?

முடியாது. தான்சானியாவின் செரெங்கெட்டி புல்வெளி. அங்கே ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் சிங்கம்கூட கண்ணில் படும். நம்முடையது மலைச்சரிவும் மரமும் அடர்ந்த காடு. இருபது அடி தள்ளி யானை நின்றால்கூட தெரியாமல் போகலாம். அதனால்தான் இது ஆபத்தான காடும்கூட.

புலி பார்த்தே தீரணும் என்று வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நரை அணிலைத் தேடி வாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே செண்பகத்தோப்பில் அதிகாலையிலும் மாலையிலும் மரத்துக்கு மரம் தாவும். புளியமரமும் மாமரமும் அதற்குப் பிடித்த இடங்கள். கிளைகள் ஒன்றோடொன்று கோத்திருந்தால்தான் அதனால் வாழ முடியும். ஆகவே, நிமிர்ந்து பார்த்தபடி சத்தம் போடாமல் நிற்கப் பழகணும். அதிர்ஷ்டம் இருந்தால் மிளா, கருமந்தி, இருவாச்சியும் தட்டுப்படும்.

எப்போது போகலாம்?

லாட்ஜில் புக் செய்தால் சீசனை அவர்களே சொல்லிவிடுவார்கள். கென்யாவின் மசாய் மாராவுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை கூட்டம் குவிவது, காட்டு விலங்குக் கூட்டங்கள் இடம்பெயர்வதைப் பார்க்கத்தான். இங்கே சீசனைத் தீர்மானிப்பவை இரண்டு: வெள்ளமும் தீயும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேலே மலையில் மழை கொட்டும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஓடையில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் சில நிமிடங்களில் ஆளை இழுத்துவிடும். கோடை மழையும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றில் வெள்ளம் வந்தால் வனத்துறை பாதையை மூடுவதும் இதனால்தான்.

பிப்ரவரி பாதியிலிருந்து காட்டுத்தீ பயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி, 23 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் நகரத்தில் வேலை பார்த்த இளைஞர்கள். காய்ந்த புல்லில் பற்றிய தீ மேடு நோக்கி ஓடும். அந்த வேகத்துக்கு மனிதரால் ஏற முடியாது.

இந்த இரண்டையும் கழித்தால், மழை ஓய்ந்த ஜனவரியும் பிப்ரவரி தொடக்கமும் வசதியான காலம்.

அனுமதி வாங்கியே ஆகணுமா?

ஆமாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 'உள்ளூர்க்காரர் ஒருத்தர் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னார்' என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை. செண்பகத்தோப்புப் பாதையும் இதில் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார்.

இந்த வழிகாட்டிக்குத் தருவது வீண் செலவு இல்லை. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவில் பல முகாம்களுக்கு வேலியே கிடையாது. இருட்டியபின் கூடாரத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால்கூட காவலர் துணைக்கு வருவார். தனியாக விட மாட்டார்கள். அதே வேலையைத்தான் இங்கே வழிகாட்டியும் வேட்டைத் தடுப்புக் காவலரும் செய்கிறார்கள். செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பகுதியிலும் பளியர் குடியிருப்புகள் உண்டு. சாணத்தின் ஈரத்தையும் ஒடிந்த கிளையையும் வைத்து யானை போன நேரத்தைக் கணிக்கும் அறிவு அவர்களுடையது. 'இங்கேயே நில்லுங்க' என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் நிற்கணும்.

கோயிலுக்குத்தானே போறோம், அதுக்குமா?

அதற்கும்தான். சதுரகிரி, காட்டழகர் கோயில், அய்யனார் கோயில் எல்லாமே காட்டுப் பகுதியில் இருப்பவை. வத்திராயிருப்பு பக்கம் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறுவதற்கான நாளும் நேரமும் அவ்வப்போது மாறும். மழை என்றால் அன்றைக்கே ரத்தாகும். பழைய யூடியூப் வீடியோவை நம்பிக் கிளம்ப வேண்டாம். முந்தைய நாள் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே சரி.

எங்கே தங்குவது?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 12 கி.மீ.தான். விடியும்போது மலையடிவாரத்தில் இருந்து, மாலை வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். பொழுது சாய்ந்தால் அடிவாரத் தோப்புகளுக்கு யானைகள் இறங்கும். காட்டில் இரவு தங்குவதும் தீ மூட்டிச் சமைப்பதும் கூடாது.

ஏதாவது ஆகிவிட்டால்?

கிழக்கு ஆப்பிரிக்க லாட்ஜ்களில் விருந்தினரை விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக 'ஆம்ரெஃப் பறக்கும் டாக்டர்கள்' போன்ற சேவைகள் உண்டு. இங்கே மலைக்குள் போன் சிக்னல் போய்விடும். 108 ஆம்புலன்ஸ் அடிவாரம் வரை வரும். அங்கே வரைக்கும் காயப்பட்டவரைத் தூக்கி வருவது கூட வந்தவர்கள்தான். எனவே போகும் பாதை, திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, கட்டுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து அரசு மருத்துவமனைக்கு. இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது.

எதைக் கொண்டுபோகக் கூடாது?

பிளாஸ்டிக். அய்யனார் கோயில் பக்கத்து ஆற்று நீர் ராஜபாளையத்தின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று. ஷாம்பு பாக்கெட்டும் சிப்ஸ் கவரும் அந்தத் தண்ணீரோடுதான் ஊருக்குள் வரும்.

இன்னொன்று, நாய். ராஜபாளையம் என்றாலே நாய்தான் ஞாபகம் வரும். ஆனாலும் காட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். 1994இல் செரெங்கெட்டியில் 'டிஸ்டெம்பர்' என்ற வைரஸ் நோயால் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் செத்துப்போயின. சுற்றுவட்டாரக் கிராமத்து நாய்களிடமிருந்து பரவியதாகக் கண்டறியப்பட்ட நோய் அது.

இல்லை, ஆப்பிரிக்காவுக்கே போகணும் என்றால்?

கென்யா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளணும். சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். லாட்ஜுக்குச் சிறிய விமானத்தில் போவதென்றால் 15 முதல் 20 கிலோ வரைதான் லக்கேஜ். அதுவும் மடங்கும் பையாக இருக்கணும்.

கிளம்பும் முன் ஒரு நிமிஷம்

அனுமதிச் சீட்டு கையில் இருக்கிறதா? வழிகாட்டி யார்? மலைமேல் மழை உண்டா? எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டுக்குத் தெரியுமா? இந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம். அன்றைக்கு ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாலும் நஷ்டமில்லை. நரை அணில் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.