கச்சானுக்கு மண் அணைத்தல்

மட்டக்களப்பில் வேளாண்மை என்றால் நெல்தான். நெல்லைத் தவிர வேறு பயிர் அறியாத எம்மவர் பலர் 1990இலும், பின்னர் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் இடம்பெயர்ந்து, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் தரைகளில் ஒதுங்க நேர்ந்தது. இரவல் காணியில் முதற்பயிராகக் கச்சான் போடுவோர் ஒன்றை அறிந்திருத்தல் அவசியம். நெல்லுக்கு இல்லாத ஒரு வேலை கச்சானுக்கு உண்டு. அதுவே மண் அணைத்தல்.

கச்சான் மேலே பூத்து, நிலத்துக்குள் காய்க்கிறது. விதைத்து ஏறக்குறைய 25 முதல் 30 நாட்களில் மஞ்சள் பூ தோன்றும். பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஊசிபோன்ற காம்பு ஒன்று கீழ்நோக்கி வளரும். இதை விழுது என்பர். அதன் நுனி மண்ணுக்குள் புகுந்து, இருட்டில்தான் காயாகப் பருக்கும். மண்ணை எட்டாத விழுது காய்ந்து போகும். செடியின் மேற்பகுதியில் பூக்கும் பூக்கள் பெரும்பாலும் வீணாவது இதனாலேயே.

ஆகவே பூக்கத் தொடங்கும் நாட்களில் புல்லைப் பிடுங்கிவிட்டு, வரிசைகளுக்கு இடையிலுள்ள பொலபொலப்பான மண்ணை இருபுறமும் செடியின் அடிக்கு இழுத்துவிட வேண்டும். நான்கு விரல் உயரம் போதும். மரவள்ளிக்குப் போல மேடு குவிப்பது தவறு. அடிக்கிளைகளில்தான் காய் அதிகம். அவற்றை மண்ணால் மூடினால் பூ குறையும், தண்டும் அழுகும். ஜிப்சம் கிடைத்தால் அணைக்குமுன் செடியோரம் தூவுங்கள். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேரினூடாக அல்ல, தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக எடுக்கிறது. மணலில் அச்சத்துக் குறைவு.

விழுது இறங்கியபின் மண்வெட்டி உள்ளே போகக்கூடாது. பிந்தி வளரும் புல்லைக் கையால் மெதுவாகப் பிடுங்கலாம். அதுவும் விழுது அறாமல். "புல் மண்டிவிட்டதே" என்று இரண்டு மாதப் பயிரைக் கொத்திப் புரட்டுவோரைக் காண்கிறோம். அவர்கள் வெட்டுவது புல்லை மட்டுமல்ல, விதைக்கென்று பிள்ளைகளுக்கும் கொடாமல் காத்த கச்சானின் பலனையும் சேர்த்துத்தான்.

மாரிப்பயிருக்கு இன்னொரு பயனும் உண்டு. மண் எடுத்த இடம் வாய்க்காலாகி மழைநீரை வடித்துவிடும். ஆனி, ஆடியில் வீசும் கச்சான் காற்றில் (பயிருக்கும் காற்றுக்கும் எங்களிடம் ஒரே பெயர்!) மேல்மணல் காய்ந்து இறுகினால் விழுது புகாது. அக்காலத்தில் அணைத்த மண்ணை மாலையில் நனைத்துவிடுங்கள்.