நோயாளியைச் சுமப்பவரைச் சுமப்பவர் யார்?

 

ஒருவர் இருதய நோயால் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் ஊரே நலம் விசாரிக்கச் செல்கிறது. அண்டை வீட்டிலிருந்து சோறு வருகிறது, ஜும்ஆவில் துஆச் செய்யப்படுகிறது. ஆனால் உளநோய் கண்ட வீட்டின் வாசலை எவரும் மிதிப்பதில்லை. அந்த வீட்டாரும் எவரையும் அழைப்பதில்லை. ஓட்டமாவடி முதல் பாசிக்குடா வரையான நமது பிரதேசத்தில், இவ்வாறு கதவு சாத்தப்பட்ட வீடு ஒன்றையேனும் அறியாதவர் நம்மில் எத்தனை பேர்?

அந்தக் கதவுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் உம்மாவோ, ஒரு ராத்தாவோ இருக்கிறார். இரவில் மகன் எழுந்து நடந்தால் அவரும் எழுகிறார். குளிசையைக் கொடுத்து, அவன் அதனை விழுங்கினானா என்று பார்க்கிறார். கத்தியை ஒளித்து வைக்கிறார். கல்யாண வீடுகளுக்குச் செல்வதை நிறுத்திவிடுகிறார். செய்தி வெளியே போனால் இளைய மகளின் திருமணப் பேச்சு முறிந்துவிடும் என்று அஞ்சி வாய் திறக்கவும் மாட்டார். நோயாளிக்கு ஒரு வைத்தியராவது இருக்கிறார். இவருக்கு யார் இருக்கிறார்?

இத்தனிமை எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில், தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள ஏர்வாடி தர்காவுக்கு அருகே, தனியார் நடத்திய ஓலைக் கொட்டகையொன்று தீப்பற்றியது. உள்ளே உளநோயாளர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தப்பியோட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். அச்செய்தியைக் கேட்டுப் பதறியவர்கள் சங்கிலியைக் கண்டித்தார்கள். கண்டிக்கத்தான் வேண்டும். எனினும் அத்தகைய காப்பகங்களுக்கு நோயாளர்களைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்களுடைய குடும்பத்தினரே என்பதையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் எல்லோரும் இரக்கமற்றவர்களா? பல ஆண்டுகள் தனியே சுமந்து, வழி தெரியாது கைவிட்டவர்களே பலர். பிற்காலத்தில் தமிழ்நாடு அரசு அவ்விடத்தில் 'தவா – துஆ' என்ற பெயரில், மருந்தையும் பிரார்த்தனையையும் இணைக்கும் சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கியது. ஓதிப்பார்ப்பதும் வைத்தியரிடம் செல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல என்பதை அறிய 28 ஜனாஸாக்கள் தேவைப்பட்டிருக்கக் கூடாது.

குடும்பத்தைத் தூர விலக்காமல் அருகே அழைத்தவர்களும் உளர். 1950களில் பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநல வைத்தியசாலையில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் வளவிலே கூடாரங்களை அடித்து, நோயாளர்களோடு உறவினர்களையும் தங்கச் செய்தார். ஒரே துன்பத்தில் இருந்த பல குடும்பங்கள் அங்கு அருகருகே வாழ்ந்தன. வைத்தியர் அவர்களை ஒன்றாக அமர்த்தி நோயைப் பற்றிப் பேசினார். மற்றவர்களின் அனுபவமும் அவர்களுக்குப் பாடமாயிற்று. தன் வீட்டுக்கு மட்டுமே இறங்கிய சாபம் என்று எண்ணி வந்தவர், பக்கத்துக் கூடாரத்தில் அதே நோயைக் கண்டார். பின்னர் சென்னையில் 1980களின் இறுதியில் 'ஆஷா' என்ற அமைப்பு பராமரிப்போர் குடும்பங்களாலேயே உருவானது.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். இலண்டனில் ஜூலியன் லெஃப் என்ற உளமருத்துவரும் அவரது குழுவினரும் 1982இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வீட்டில் ஓயாத கண்டிப்பும் அளவு கடந்த பதற்றமும் நிலவினால், மனச்சிதைவு நோய் விரைவில் திரும்புகிறது என்பது அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. ஆகவே எல்லா நோயாளர்களுக்கும் மருந்து கொடுத்த அவர்கள், ஒரு பிரிவினரின் குடும்பங்களுக்கு மட்டும் நோய் பற்றி விளக்கி, வீடு சென்று பேசி, உறவினர் குழுவிலும் அமரச் செய்தார்கள். பொறுமையாகச் சமாளிக்கத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் அக்குழுவில் கலந்தே அமர்த்தினார்கள். ஒன்பது மாதங்களில், இவ்வுதவி பெறாத பிரிவில் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. பெற்ற பிரிவில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே திரும்பியது. ஆய்வு சிறியதுதான், 24 குடும்பங்களே அதில் இருந்தன. ஆயினும் பின்வந்த பல ஆய்வுகளும் இத்திசையையே காட்டின.

இனி, நமது மக்களைத் தடுக்கும் ஒரு கேள்விக்கு வருவோம். "பிள்ளையின் குறையை நான்கு பேர் முன் சொல்வது புறமாகாதா?" என்று மார்க்கப்பற்றுள்ள தாய்மார் தயங்குகின்றனர். மதிக்கத்தக்க தயக்கம்தான். ஆனால் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில், பிறர் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை விளக்கியுள்ளார்கள். தீர்வு கேட்பது அவற்றுள் ஒன்று. கணவர் செலவுக்குப் போதிய அளவு கொடுப்பதில்லை என்று ஹிந்த் (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டபோது, அது புறமென்று தடுக்கப்படவில்லை. வழி காட்டப்பட்டது. இயன்றால் பெயர் குறிப்பிடாமல் கேட்பது மேலானது என்றும் இமாமவர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். அனுதாபம் தேடிக் கதை பரப்புவது வேறு, பராமரிக்கும் வழி தேடிப் பேசுவது வேறு. அவையில் பேசப்பட்டது அமானிதம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அதைக் காப்பவர் மட்டுமே அங்கு அமரத் தகுதியுடையவர்.

நமது மாவட்டத்தில் இதற்கான வாயில்கள் இல்லாமல் இல்லை. 2000களின் தொடக்கத்தில் உளமருத்துவர் மகேசன் கணேசன் அவர்கள் மட்டக்களப்பில், யுத்த காலத்திலேயே, உளநலச் சேவையை ஏறத்தாழ அடித்தளத்திலிருந்து கட்டியெழுப்பினார். 2004 டிசம்பர் 26 சுனாமி கல்குடா, பாசிக்குடாக் கரைகளைத் தாக்கியபின் இச்சேவையின் தேவை எல்லோருக்கும் விளங்கிற்று. 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கையும், அங்கொடையை மட்டும் நம்பியிராது மாவட்டந்தோறும் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்றது. இன்று கிளினிக் நாளில் வாங்கில் காத்திருப்போரைப் பாருங்கள். அருகருகே இருக்கும் இரு தாய்மார் ஒருவரோடொருவர் பேசாது, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு இருப்பார்கள். ஒன்றுகூடல் அந்த வாங்கிலேயே தொடங்கலாம்.

பதாகையும் பிரதம அதிதியும் நன்றியுரையும் இதற்கு வேண்டாம். ஐந்தாறு குடும்பங்கள், மாதம் ஒருமுறை, அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் கூடினால் போதும். பெண்கள் தனியாகக் கூடினால் மனம் திறந்து பேசுவர். உளநலப் பிரிவின் உத்தியோகத்தர் ஒருவரை அவ்வப்போது அழைக்கலாம். கிளினிக் கொப்பியைக் கொண்டு வரட்டும். குளிசையில் விஷம் கலந்திருக்கிறது என்று மகன் மறுக்கிறான் என ஒருவர் சொல்லும்போது, சில வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றும் ஊசி உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள் என்று மற்றவர் சொல்வார். கை நடுங்குவதைக் கண்டு நோய் முற்றிவிட்டதென அஞ்சி மருந்தை நிறுத்தியவருக்கு, அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம், அளவை மாற்ற வைத்தியரால் முடியும் என்று தெரியவரும். மருந்தின் அளவை மட்டும் இக்கூட்டம் தீர்மானிக்கக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திராது அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

கூட்டத்துக்கு வரும் ஒரு மணி நேரம் வீட்டில் நோயாளியை யார் பார்ப்பது? இதுவே பெரும்பாலோர் வராமைக்குக் காரணமாகும். ஆகவே முதற் கூட்டத்திலேயே குடும்பங்களை இரண்டிரண்டாக இணைத்துக்கொள்ளுங்கள். இம்மாதம் ஒருவர் அமர, அவருடைய வீட்டில் மற்றவர் இருக்கட்டும், அடுத்த மாதம் முறை மாறட்டும். மகனை அறிந்த ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்ற நிம்மதியில், அந்த உம்மா கூட்டம் முடிந்து உறவினர் வீட்டுக்கும் ஒரு நடை போய் வரலாம்.