ஜாயின் போட்டும் மேப் காலியா இருக்கா? புதுக்கோட்டை வட்டங்களை வச்சுப் பார்ப்போம்

1991-ல அறிவொளி இயக்கம் நடந்தப்போ புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் எழுதப் படிக்க மட்டும் இல்ல, சைக்கிள் ஓட்டவும் கத்துக்கிட்டாங்க. அப்போ கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். இருபது வருஷம் கழிச்சு, 2011 சென்சஸ்ல, அங்க பெண்களோட எழுத்தறிவு வட்டத்துக்கு வட்டம் எப்படி இருந்துச்சு? இதை கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருள்ல மேப்பா போடப் போறோம்.

[திரையில்: எல்லை லேயரும் சென்சஸ் அட்டவணையும் பக்கத்துப் பக்கத்துல]

கையில ரெண்டு ஃபைல். வட்ட எல்லை லேயர்ல வடிவம் இருக்கு, எழுத்தறிவு இல்ல. சென்சஸ் அட்டவணைல எண் இருக்கு, வடிவம் இல்ல. ரெண்டையும் சேர்க்க, அதாவது ஜாயின் பண்ண, ரெண்டுலயும் பொதுவா ஒரு காலம் (நெடுவரிசை) வேணும்.

பெரும்பாலானவங்க வட்டத்தோட பேரை எடுப்பாங்க. அங்கதான் வம்பு. ஒண்ணுல 'ஆவுடையார்கோவில்', இன்னொண்ணுல 'ஆவுடையார்கோயில்'. ஒரு எழுத்து மாறினாலும் சேராது. குளத்தூர் வட்டத்துக்குத் தலைமையிடம் கீரனூர். யாராவது 'கீரனூர்'னு அடிச்சிருந்தா அந்த வரியும் போச்சு. இன்னும் மோசமானது, கண்ணுக்கே தெரியாதது. 'கோ'வை யூனிகோட்ல ரெண்டு விதமா அடிக்கலாம்: ஒரே குறியா, இல்லன்னா இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியா. திரையில ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு வேற வேற.

அதனால பேரை விடுங்க, சென்சஸ் குறியீட்டை எடுங்க. வட்டத்துக்கு ஐந்து இலக்கம். தமிழ்நாட்டு வட்டங்களுக்கு எல்லாமே பூஜ்யத்துல ஆரம்பிக்கும். சிஎஸ்வி ஃபைலை எக்செல்ல டபுள் கிளிக் பண்ணித் திறந்து சேவ் பண்ணா அந்த பூஜ்யம் காணாமப் போயிடும். கியூஜிஐஎஸ்-ல ஏத்தும்போதும் அந்தக் காலத்தை டெக்ஸ்ட்னே வச்சுக்கோங்க.

அட்டவணையையும் வடிகட்டணும். சென்சஸ்ல ஒரே வட்டத்துக்கு மொத்தம், கிராமம், நகரம்னு மூணு வரி வரும். அதுக்குக் கீழ ஒவ்வொரு கிராமமும் வரும், அதே வட்டக் குறியீட்டோட. ஜாயின் அதுல ஒரே ஒரு வரியைத்தான் எடுக்கும். வட்ட அளவுல 'மொத்தம்' வரியை மட்டும் வச்சுக்கோங்க.

[திரையில்: லேயர் ப்ராபர்டீஸ், ஜாயின்ஸ்]

இப்போ எல்லை லேயரை டபுள் கிளிக் பண்ணி, ஜாயின்ஸ், பச்சை பிளஸ். ஜாயின் லேயர்ல அட்டவணை. ஜாயின் ஃபீல்டு, டார்கெட் ஃபீல்டு ரெண்டுலயும் குறியீடு. ஓகே.

உடனே கலர் அடிக்காதீங்க. அட்ரிபியூட் டேபிளைத் திறந்து, புதுசா வந்த காலத்தைப் பாருங்க. எங்கயாவது 'நல்'னு (NULL) இருந்தா அந்த வட்டம் சேரல. இன்னைக்கு மாவட்டத்துல 12 வட்டம். 2011-ல அத்தனை கிடையாது. புது எல்லை லேயரை எடுத்தா, விராலிமலை மாதிரி பின்னால பிரிஞ்ச வட்டத்துக்கு சென்சஸ்ல வரியே இருக்காது. அதே நேரம், எந்த வட்டத்துல இருந்து அது பிரிஞ்சுச்சோ அதுக்குப் பழைய, பெரிய எண் வந்து ஒட்டிக்கும். இது 'நல்'னு வராது, தப்பான கலராத்தான் தெரியும். அதனால எல்லையும் 2011-ஓடதா இருக்கணும்.

அப்புறம் கணக்கு. எழுத்தறிவு பெற்ற பெண்கள் எண்ணிக்கையை அப்படியே கலராக்கினா, ஜனம் அதிகமுள்ள வட்டம்தான் முன்னால நிக்கும். சென்சஸ் எழுத்தறிவை 7 வயசுல இருந்துதான் பார்க்குது. மொத்தப் பெண்கள்ல இருந்து 0–6 வயசுப் பெண் குழந்தைகளைக் கழிச்சு, எழுத்தறிவு பெற்ற பெண்கள் எண்ணிக்கையை அதால வகுத்து, நூறால பெருக்குங்க. அதை சிம்பாலஜில 'கிராஜுவேட்டட்' போட்டா மேப் தயார்.

கடைசியா, இந்த ஜாயின் ப்ராஜெக்ட் ஃபைல்ல மட்டும்தான் இருக்கு. யாருக்காவது அனுப்பணும்னா லேயரை எக்ஸ்போர்ட் பண்ணணும், ஷேப்ஃபைலா வேண்டாம். அதுல காலத்தோட பேருக்கு 10 பைட்தான் இடம்; தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் போயிடும், 'எழுத்தறிவு' பாதியில அறுந்துடும். ஜியோபேக்கேஜ்னு சேவ் பண்ணுங்க, முழுசா போய்ச் சேரும்.